நிறைகோல் யார் கையில்?

பட்டம் என்பது தாளில் அச்சிட்ட ஒரு வாக்குறுதி. இதனைப் பெற்றவர் இன்னின்ன கற்றார், இன்னின்ன செய்ய வல்லார் என்று ஒரு பல்கலைக்கழகம் தன் முத்திரையை இட்டு ஊரறிய உறுதி கூறுகிறது. அவ்வுறுதியை நம்பியே கல்வி அமைச்சு ஒருவரைத் தமிழாசிரியராக அமர்த்துகிறது. அவ்வுறுதியை நம்பியே பெற்றோர் தம் பிள்ளையை அவர் வகுப்பில் கொண்டுபோய் விடுகின்றனர். வாக்குறுதி பொய்க்குமாயின் ஏமாறுபவர் பட்டம் பெற்றவர் அல்லர். பட்டம் கொடுத்தவரும் அல்லர். அவர் முன் பலகையில் அமர்ந்து வாய் பிளந்து கேட்டுக்கொண்டிருக்கும் ஏழு வயதுப் பிள்ளையே ஏமாறுகிறது. தான் ஏமாற்றப்பட்டோம் என்பதை அறியும் வயதும் அப்பிள்ளைக்கு இல்லை.

ஆகவே, பல்கலைக்கழகத் துறையொன்று தன் பட்டப்படிப்பின் தரத்தை உறுதிசெய்தல் என்பது அலுவலக வேலை அன்று, அறப்பணி. ஆனால் அப்பணியின் பெயரால் இன்று பெரும்பாலும் நடைபெறுவது யாது? மதிப்பீட்டுக் குழு வரும் நாள் குறிக்கப்படுகிறது. அதற்கு மூன்று திங்களுக்கு முன்னர்த் துறை விழித்துக்கொள்கிறது. கூட்டக் குறிப்புகள் தேடப்படுகின்றன. விடுபட்ட படிவங்கள் நிரப்பப்படுகின்றன. வண்ண அட்டையிட்ட கோப்புகள் மேசைமேல் வரிசையாக நிற்கின்றன. குழு வருகிறது, கோப்புகளைப் புரட்டுகிறது, பரிந்துரை கூறிப் போகிறது. கோப்புகள் மீண்டும் அலமாரிக்குள் உறங்கப் போகின்றன. இத்தனைக்கும் நடுவே, மூன்றாம் ஆண்டு மாணவர் ஒருவர் முன்பின் கண்டிராத சங்கப்பாடல் ஒன்றை உரையின் துணையின்றிப் படித்துப் பொருள் கூற வல்லவரா என்ற ஒரேயொரு வினாவை மட்டும் எவரும் எழுப்புவதில்லை.

தமிழர்க்குப் புதியதா?

தர உறுதி என்பது மேலை நாட்டினர் கொண்டுவந்து சுமத்திய சுமை என்று முணுமுணுப்போர் உளர். அவர்கள் நன்னூலைப் பாடமாகக் கற்பித்தவர்கள். ஆயினும் அதன் முகப்பை மறந்தவர்கள். பவணந்தி முனிவர் இலக்கணம் கூறப் புகுமுன்னர்ப் பொதுப்பாயிரத்தில் ஐந்து செய்திகளை வரையறுக்கிறார்: நூலின் இயல்பு, ஆசிரியரின் இயல்பு, பாடம் சொல்லும் முறை, மாணாக்கரின் இயல்பு, பாடம் கேட்கும் முறை. எத்தகையவர் ஆசிரியராதற்கு உரியவர், எத்தகையவர் உரியவர் அல்லர் என்பதை அவர் தயவு தாட்சணியமின்றிப் பிரித்துக் காட்டுகிறார். மாணாக்கரையும் அவ்வாறே தலை, இடை, கடை எனத் தரம் பிரிக்கிறார்.

இனி இன்றைய மலேசிய விதியை நோக்குக. 2007ஆம் ஆண்டின் சட்டத்தின்வழி அமைந்த மலேசியத் தகுதி முகமை, பட்டப்படிப்புகளை மதிப்பிடுதற்கு நடைமுறை விதித்தொகுதி ஒன்றை வகுத்தது. முதற்கண் ஒன்பதாக இருந்த மதிப்பீட்டுத் துறைகள் 2017ஆம் ஆண்டுத் திருத்தத்தில் ஏழாயின. பாடத்திட்டமும் அதனைக் கற்பித்தலும், மாணவர் கற்றலை மதிப்பிடல், மாணவர் சேர்க்கையும் துணைப்பணிகளும், கல்வியாளர், கல்வி வளங்கள், நிருவாகம், கண்காணிப்பும் தொடர்மேம்பாடும் என்பன அவை. நூல், ஆசிரியர், கற்பித்தல், மாணாக்கர், கற்றல் என்னும் பவணந்தியாரின் ஐந்தும் இவ்வேழனுள் அடங்கிக் கிடக்கின்றன. வேறுபாடு ஒன்றே. அன்று அளவுகோல் ஆசிரியரின் நெஞ்சில் இருந்தது. இன்று அது படிவத்தில் இருக்கிறது. படிவத்தில் இருப்பது குற்றமன்று. நெஞ்சை விட்டு அகன்றதே குற்றம்.

புலவர் தம் நூலை அவைக்கண் அரங்கேற்றிய மரபும் இதனையே உணர்த்தும். நூல் நன்றென்று நூலாசிரியர் தாமே கூறிக்கொண்டால் போதாது. கற்றோர் வினவ, அவர் விடையிறுத்தல் வேண்டும். அறிந்தோர் முன் தன்னைத் திறந்துகாட்டுதல் தமிழ்ப் புலமைக்கு இழுக்கென்று அன்று எவரும் கருதினாரிலர். இன்று மட்டும் அஃது இழுக்காவது ஏன்?

வினைச்சொல் விளையாட்டு

விளைவை நோக்கிய கல்வி என்பது இற்றைநாள் கொள்கை. பட்டப்படிப்பின் முடிவில் மாணவர் எதைச் செய்ய வல்லவராவார் என்பதை முதலில் எழுதி, அதற்கேற்பக் கற்பித்து, அதையே சோதித்தறிதல் வேண்டும் என்பது அதன் சாரம். கொள்கையில் குறையில்லை. குறை, அது கையாளப்படும் விதத்தில் உள்ளது.

1956ஆம் ஆண்டு அமெரிக்கக் கல்வியாளர் பெஞ்சமின் புளூமும் அவர்தம் குழுவினரும் அறிவுத்திறனைப் படிநிலைகளாக வகுத்து வெளியிட்டனர். நினைவுகூர்தல் கீழ்ப்படி; பகுத்தாய்தலும் மதிப்பிடுதலும் மேற்படிகள். அவ்வகுப்பு இன்று வினைச்சொற்களின் பட்டியலாகச் சுருங்கி ஒவ்வொரு விரிவுரையாளரின் மேசையிலும் கிடக்கிறது. பாடக் குறிப்பில் ‘அறிவர்’ என்றிருந்த சொல் நீக்கப்பட்டு ‘பகுத்தாய்வர்’ என்று எழுதப்படுகிறது. ‘கூறுவர்’ என்பது ‘மதிப்பிடுவர்’ ஆகிறது. கோப்பு உயர்ந்துவிட்டது. ஆனால் தேர்வுத்தாளை எடுத்துப் பாருங்கள்: ‘சிலப்பதிகாரம் பற்றிக் குறிப்பு வரைக’ என்னும் பழைய வினா அசையாமல் அங்கேயே நிற்கிறது. விரிவுரையாளர் சொன்ன ஐந்து கருத்தை ஐந்து பத்தியாக எழுதிய மாணவர்க்கு முதல்தரப் புள்ளி கிடைக்கிறது. பகுத்தாய்ந்தவர் யார்? எதனை? படிவத்தில் வினைச்சொல் மாறியது. வகுப்பறையில் வினை மாறவில்லை.

கணக்கு ஒன்றையும் ஈண்டுக் காட்டலாம். மலேசியத் தகுதிக் கட்டமைப்பின்படி ஒரு கிரெடிட் என்பது மாணவரின் 40 மணி நேர உழைப்பு. இளங்கலைப் பட்டத்துக்குக் குறைந்தது 120 கிரெடிட் வேண்டும். அஃதாவது 4,800 மணி நேரம். மூன்று கிரெடிட் பெறும் ஒரு பாடத்துக்கு 120 மணி நேரம். வாரம் மூன்று மணியாகப் பதினான்கு வாரம் வகுப்பு நடப்பின், வகுப்பறையில் கழிவது 42 மணி. எஞ்சிய 78 மணி நேரமும் மாணவர் தாமே படிப்பதற்கும் எழுதுவதற்கும் உரியது என்பது கணக்கு.

78 மணி நேரம்! அந்நேரத்தில் சிலப்பதிகாரத்தின் மூன்று காண்டங்களையும் முப்பது காதைகளையும் உரையோடு ஒருமுறை முழுமையாகப் படித்துவிடலாம். ஐயம் தோன்றிய இடங்களுக்கு மீண்டு வரவும் காலம் இருக்கும். ஆனால் இருபது பக்கக் குறிப்பேடு ஒன்றைத் தேர்வுக்கு முன்னாள் இரவு புரட்டிவிட்டு அப்பாடத்தில் தேறிவிட முடியுமாயின், அந்த 78 மணி எங்கே போயிற்று? கோப்பில் அது இருக்கிறது. கணக்கு நேராக இருக்கிறது. காவியத்தைத்தான் எவரும் படிக்கவில்லை. இந்தப் பொய்க்கணக்கைக் கண்டுபிடிக்க வெளியாரால் இயலாது. மதிப்பீட்டுக் குழுவில் அமர்வோர் பலர் தமிழ் அறியாதவர்களாக இருத்தல் இயல்பு. கோப்புகளும் பெரும்பாலும் மலாயிலோ ஆங்கிலத்திலோ அமைகின்றன. அவர்கள் வடிவத்தைக் காண்பர். விடைத்தாளின் உள்ளீட்டைக் காணார். தமிழ்ப் பட்டத்தின் தரம் அறிய வல்லவர் தமிழ் கற்றவரே. அவர் கண்ணை மூடிக்கொண்டால் காண்பதற்கு வேறு கண் இல்லை.

அன்றியும், 2010ஆம் ஆண்டில் மலாயாப் பல்கலைக்கழகம் உள்ளிட்ட சில பல்கலைக்கழகங்களுக்குத் தம் பட்டப்படிப்புகளுக்குத் தாமே தரச்சான்று அளிக்கும் தகுதி வழங்கப்பட்டது. இது பெருமைக்குரிய உரிமை. ஆனால் உரிமை வளர வளரப் பொறுப்பும் வளரும். வெளியிலிருந்து வரும் நீதிபதி அகன்றால், உள்ளிருக்கும் மனச்சான்றே நீதிபதி ஆகவேண்டும். நிறைகோல் தன் கைக்கு வந்தபின் அதன் தட்டில் விரலை வைத்து அழுத்துபவர் யாரை ஏமாற்றுகிறார்?

மூன்று மறுப்புகள்

இவ்வாறு கூறுங்கால் மூன்று மறுப்புகள் எழுவது உறுதி. அவற்றை ஒவ்வொன்றாக ஆராய்தல் தகும்.

முதலாவது மறுப்பு: “தமிழ்த்துறை சிறியது. கண்டிப்புக் காட்டினால் மாணவர் வாரார். மாணவர் குறைந்தால் துறையை மூடிவிடுவர். முதலில் துறை பிழைக்கட்டும். தரத்தைப் பின்னர்ப் பார்த்துக்கொள்ளலாம்.” இவ்வாதம் அன்பிலிருந்து பிறந்தது, ஆனால் அச்சத்தால் வளர்ந்தது. எளிதில் கிடைக்கும் பட்டத்தைத் தேடி வரும் மாணவர், அதனினும் எளிதாக மற்றொன்று கிடைப்பின் அங்கே போய்விடுவர். துறையைக் காப்பது எண்ணிக்கையா? தலையெண்ணி வாழும் துறை, தலை குறைந்த அன்றே இறக்கும். பேர் சொல்லும் பட்டதாரிகளை ஆக்கிய துறையை மூட முனைபவர், அதற்குச் சான்றாக ஒரு சமுதாயத்தையே எதிர்கொள்ள வேண்டியிருக்கும். ‘பின்னர்ப் பார்க்கலாம்’ என்பாரிடம் ஒரே வினா: இத்தனை ஆண்டுகளில் அந்தப் ‘பின்னர்’ ஒருமுறையேனும் வந்ததுண்டா?

இரண்டாவது மறுப்பு: “இலக்கிய நுகர்ச்சியை அளவுகோலால் அளக்க முடியாது. தமிழ் என்ன, ஆலைப்பொருளா?” முழுதும் தவறான கூற்று அன்று இது. கவிதையில் தோய்ந்த உள்ளத்தின் ஆழத்தை எந்தப் படிவமும் அளக்காது. ஆனால் பட்டதாரி ஒருவர் சந்திப்பிழையின்றி ஒரு பக்கம் எழுதுவாரா என்பதை அளக்க முடியும். அகவற்பாவுக்கும் வெண்பாவுக்கும் ஓசையால் வேறுபாடு அறிவாரா என்பதை அளக்க முடியும். ஒரு கருத்துக்கு மூலம் எது, வழி எது என்று பிரித்துக் காட்டுவாரா என்பதை அளக்க முடியும். அளக்க இயலாததைக் காரணம் காட்டி, அளக்கக் கூடியதையும் அளக்காமல் விடுவது, ஆழத்தைப் புகழ்ந்துகொண்டே கரையில் நிற்பதாகும்.

மூன்றாவது மறுப்பு வெளியே சொல்லப்படுவதில்லை. ஆனால் வலிமை மிக்கது. “இது நம்முடைய துறை, குறை கூறுவது தமிழுக்குச் செய்யும் துரோகம்” என்பது அது. மேடைதோறும் தமிழ்த்துறையைத் தாயென்று போற்றும் சமுதாயம், அத்தாய்க்கு நோய் கண்டால் மருத்துவரை அழைக்க மறுக்கிறது. வினாத்தாள் எளிதாயிற்று என்று ஒருவர் சொன்னால், ‘அவருக்கு வேலை கிடைக்கவில்லை, அதனால் பேசுகிறார்’ என்று வாயடைக்கிறது. புகழ்ச்சி மட்டுமே கேட்டு வளர்ந்த பிள்ளையும் துறையும் உருப்பட்டதில்லை.

வரலாறு கேட்கும் கணக்கு

இம்மறுப்பாளர் ஒன்றை மறந்துவிட்டனர். இந்நாட்டில் பல்கலைக்கழகத் தமிழ்க்கல்வி எளிதில் வந்தது அன்று. மலாயாப் பல்கலைக்கழகத்தின் இந்திய ஆய்வியல் துறை 1956ஆம் ஆண்டு சிங்கப்பூரில் தொடங்கிப் பின்னர்க் கோலாலம்பூருக்கு வந்தது. அங்குத் தமிழுக்கு உரிய இடம் வேண்டுமென்று ‘தமிழ் முரசு’ ஆசிரியர் கோ. சாரங்கபாணி குரலெழுப்பினார். ‘தமிழ் எங்கள் உயிர்’ என்னும் பெயரால் அத்துறையின் நூலகத்துக்கு அவர் நிதி திரட்டினார். கொடுத்தவர்களுள் செல்வரும் இருந்தனர். உழைத்துப் பிழைத்த எளியோரும் இருந்தனர். தாம் ஒருநாளும் நுழைய மாட்டாத ஒரு கட்டடத்தில், தாம் படிக்க மாட்டாத நூல்களுக்காக, எளியோர் தம் கூலியிற் கிள்ளிக் கொடுத்தனர். 1960களில் அத்துறைக்குத் தலைமை ஏற்ற தனிநாயக அடிகள், 1966ஆம் ஆண்டு ஏப்ரல் திங்களில் முதல் உலகத் தமிழாராய்ச்சி மாநாட்டைக் கோலாலம்பூரிலேயே கூட்டினார். உலக அறிஞர் முன்னிலையில் தமிழாய்வை நிறுத்தி, “வினவுங்கள்” என்றார். அதுவே உண்மையான தர உறுதி.

பணம் கொடுத்த அந்த எளியோர் இரசீது கேட்கவில்லை. ஆயினும் கணக்கு முடிந்துவிடவில்லை. இன்று நாடெங்கும் உள்ள ஐந்நூற்றுக்கும் மேற்பட்ட தமிழ்ப்பள்ளிகளில் அவர்தம் பேரப்பிள்ளைகள் அமர்ந்திருக்கின்றனர். அவர்கள்முன் நிற்கும் ஆசிரியரின் தமிழே அவர்களுக்குக் காட்டவேண்டிய கணக்கு.

செய்யத் தக்கவை

குறை கூறி ஒழிவது எளிது. செய்யத் தக்கவற்றையும் கூறுதல் முறை. இவற்றுக்குப் புதிய சட்டம் வேண்டா; பெரும்பொருளும் வேண்டா. துறையின் துணிவு ஒன்றே வேண்டும்.

முதலாவதாக, தேர்வுத்தாளை ஒருவர் தனித்து ஆக்குதல் கூடாது. உடன் பணியாற்றும் இருவர் அதனை முன்கூட்டிப் படித்து, இவ்வினா எதனைச் சோதிக்கிறது என்று வினவ வேண்டும். விடைத்தாள்களில் மாணவர் பெயர் மறைக்கப்படல் வேண்டும். அவற்றுள் சிலவற்றை இரண்டாம் ஒருவர் முதல்வரின் புள்ளியைக் காணாமல் திருத்த வேண்டும். இருவர் புள்ளிக்கும் பெரிய இடைவெளி தோன்றின், அதுவே துறையின் அடுத்த கூட்டத்துக்குப் பொருள்.

இரண்டாவதாக, புறத் தேர்வாளர் உண்மையில் புறத்தாராக இருத்தல் வேண்டும். இம்முறை பழமையானது, 1830களில் இங்கிலாந்தின் டர்ஹம் பல்கலைக்கழகம் தன் மாணவரைத் தேர ஆக்ஸ்போர்டிலிருந்து தேர்வாளரை வரவழைத்தது. புதிய பல்கலைக்கழகத்தின் பட்டமும் பழையதற்கு இணையானது என்று உலகம் நம்பவேண்டும் என்பதே அதன் நோக்கம். நண்பரை அழைத்து விருந்தளித்துப் பாராட்டுரை பெற்று அனுப்புவது அம்முறையின் நிழல்கூட அன்று. புறத் தேர்வாளர் எழுதிய அறிக்கையும், அதற்குத் துறை அளித்த மறுமொழியும் மாணவர் காண வெளியிடப்படல் வேண்டும்.

மூன்றாவதாக, பட்டம் பெறுமுன் ஒவ்வொரு மாணவரும் முன்னர்ப் படித்திராத ஒரு பழம்பாடலையும் ஒரு தற்கால உரைநடைப் பகுதியையும் படித்து, அவை முன் விளக்க வேண்டும். 2022ஆம் ஆண்டின் இறுதியிலிருந்து, கேட்டதை எழுதித் தரும் செயற்கை நுண்ணறிவுக் கருவிகள் எல்லார் கைக்கும் வந்துவிட்டன. வீட்டிலிருந்து எழுதிவரும் இடுபணி யார் எழுதியது என்பதற்கு இனி உறுதி இல்லை. வாய்மொழித் தேர்வே அதற்கு மருந்து. பழைய பாடசாலையில் ஆசிரியர் மாணாக்கரை எதிரே நிறுத்திப் பாடம் கேட்டாரே, அம்முறை மீண்டும் தேவைப்படுகிறது.

நான்காவதாக, பட்டம் பெற்றுச் சென்றோரைத் துறை மறத்தல் ஆகாது. மூன்றாண்டு கழித்து அவர் பணிபுரியும் பள்ளியின் தலைமையாசிரியரிடம், ‘இவரிடம் நீங்கள் கண்ட குறை யாது?’ என்று கேட்க வேண்டும். நிறையைக் கேட்டால் மரியாதைக்காக விடை வரும். குறையைக் கேட்டால்தான் பாடத்திட்டம் திருந்தும்.

ஐந்தாவதாக, பாடமுடிவில் மாணவர் விரிவுரையாளர்க்கு அளிக்கும் புள்ளியை வேதவாக்காகக் கொள்ளுதல் தவிர்க்கப்பட வேண்டும். மாணவர் கருத்து மதிக்கத் தக்கதே. ஆயினும் நிறைய வேலை கொடுத்தவர்க்குக் குறைந்த புள்ளியும், கதை சொல்லிக் களிப்பித்தவர்க்கு நிறைந்த புள்ளியும் கிடைக்குமாயின், அப்புள்ளி தரத்தை உயர்த்தாது. கண்டிப்பான ஆசிரியரைச் சோர்வடையச் செய்து இளகவைக்கும்.

மாணவர்க்கும் இதில் பங்குண்டு. எளிய வினாத்தாளைக் கொண்டாடுபவர், தம் பட்டத்தின் மதிப்பைத் தாமே குறைத்துக்கொள்கிறார் என்பதை உணர்தல் வேண்டும். அந்த 78 மணி நேரம் மாணவரின் சொத்து. அதற்குரிய நூலையும் வழிகாட்டலையும் துறையிடம் கேட்டுப் பெறுவது அவர் உரிமை. அதனைச் செலவிட்டுப் படிப்பது அவர் கடமை. ஆசிரியராகப் பணிபுரியும் பழைய மாணவரும் வாளாவிருத்தல் தகாது. தாம் கற்ற துறையில் எது வகுப்பறையில் கைகொடுத்தது, எது கைவிட்டது என்பதை அவரே நன்கறிவார். அதனை எழுதித் துறைக்கு அனுப்புவது நன்றிக்கேடு அன்று, நன்றிக்கடன்.

பவணந்தியார் நல்லாசிரியரை நிறைகோலுக்கு ஒப்பிட்டார். ஆசிரியர் ஆகாதாரை ஒப்பிட்டவற்றுள் முடத்தெங்கும் ஒன்று. வளைந்த தென்னை, நீர் வார்த்து வளர்த்தவர் ஒருவராக, அதன் காய் விழுவதோ வேறொருவர் முற்றத்தில். ஒரு துறை தன் உழைப்பையெல்லாம் கோப்புக்கும் தரவரிசைப் பட்டியலுக்கும் கொடுத்துவிட்டு, தன்னை வளர்த்த சமுதாயத்தின் பிள்ளைகளுக்குத் திறங்குன்றிய ஆசிரியரை அனுப்புமாயின், அத்தென்னைக்கும் அதற்கும் வேறுபாடு இல்லை. அடுத்த மதிப்பீட்டுக் குழு வரும் நாள்வரை காத்திராமல், இப்பருவத்தின் தேர்வுத்தாளிலேயே துறை தன் நிறைகோலைத் தூக்கட்டும். எடை எவ்வளவு என்று அறிந்தவரே அதனைக் கூட்டவும் வல்லவர்.